அணிகளை எழுத்தில் கையாளும் முறை: வெறும் வரியிலிருந்து உள்ளுறை வரை

உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரும் ஒப்பித்துவிடுவார்கள். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் நாங்கள் நடத்தும் எழுத்துப் பயிற்சிக்கு ஐந்தாம் படிவ மாணவர்கள் வருகிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்களும், கோயில் மலருக்குக் கதை அனுப்ப ஆசைப்படும் அக்காமார்களும் வருகிறார்கள். வயது எதுவானாலும் தடுக்கும் இடம் ஒன்றுதான்: முதல் வரியிலேயே அணியைத் தேடுகிறார்கள்.

அணி வர வேண்டிய நேரம் அதுவல்ல. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நீங்களே கண்ணால் பார்த்த ஒரு வேலையோ இடமோ வேண்டும். 'தாய்ப் பாசம்', 'நட்பு', 'வறுமை' போன்ற தலைப்புகளோடு உட்கார்ந்தால் நடக்கும் விபரீதம் என்னவென்றால், பார்க்க எதுவும் இல்லாததால் மனம் மனப்பாடத்துக்குப் போய்விடும்.

அடுத்து, அந்த இடத்துப் பொருள்களின் பெயர்ப் பட்டியல். கித்தா (ரப்பர்) தோட்டத்தைப் பற்றி எழுதுவதானால் உளி, மங்கு (பால் சொட்டும் கிண்ணம்), வாளி, காண்டா, ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்து காய்ந்த பால்), நிரை (ஒருவர் வெட்டும் மரவரிசை), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'தோளில் வைத்துப் பால்வாளி தூக்கும் கம்பு' என்று சுற்றி வளைப்பவர், அந்த வரி மெலிந்து கிடப்பதாக நினைத்து ஓர் உவமையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார். 'காண்டா' என்று எழுதியிருந்தால் உவமைக்கே தேவை வந்திருக்காது.

கடைசியாக, யாருடைய கண்ணால் பார்க்கிறீர்கள் என்ற முடிவு. அம்மாவா, மகளா, தோட்டத்துக் கணக்கரான கிராணியா? இதைத் தள்ளிப் போடாதீர்கள். நான்காம் படியில் உவமையைத் தேர்ந்தெடுக்கப் போவது இந்த முடிவுதான்.

2. அலங்காரம் இல்லாமல் ஒரு முறை எழுதுங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். 'போல' கூடாது, 'என்னும்' கூடாது, இயற்கை அழவோ சிரிக்கவோ கூடாது. இப்படி:

"விடிய இன்னும் நேரம் இருந்தது. அம்மா குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நெற்றி விளக்கோடு தன் நிரைக்குப் போனாள். முதல் மரத்தில் நேற்றைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டாள். உளியை இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கமாகச் சரித்து இழுத்தாள். பால் கோட்டோடு இறங்கி மங்கில் சொட்டியது. அடுத்த மரத்துக்கு நடந்தாள்."

இது சுவையற்ற எழுத்து என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் பொய் இல்லை, குழப்பமும் இல்லை. இனி இதன் மேல் எதை வைத்தாலும் நிற்கும்.

இந்தப் படியைச் செய்யாமல் தாவியவர்கள் எழுதும் வரியையும் பாருங்கள்: "ஆதவன் தன் பொற்கரங்களை நீட்ட, வெள்ளை இரத்தம் ஆறாகப் பெருகி ஓட, அன்னை மெழுகுவர்த்தியாய் உருகினாள்." ஒரே வாக்கியத்தில் மூன்று பிழை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும். ஆதவனுக்கு அங்கே இடமில்லை. பால் ஆறாகவும் ஓடாது. வெட்டிய கோட்டில் ஊர்ந்து, துளித்துளியாகச் சொட்டும். மெழுகுவர்த்தி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதால் இந்த அம்மாவுக்குப் பொருந்தவில்லை. அணி உண்மையை மீறும்போது, தோட்டத்தில் வாழ்ந்த வாசகர் அந்த இடத்திலேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்.

3. அணி தேவைப்படும் இடத்தைக் குறியுங்கள்

வெறும் வரிகளை உரக்கப் படியுங்கள். வாசகருக்குக் கை கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எது அந்த இடம்? வாசகர் பார்த்திராத ஓர் அசைவு. அல்லது, பெயர் சொன்னால் சுருங்கிப் போகும் ஓர் உணர்வு.

மேலே உள்ள பத்தியில் எனக்குத் தெரிபவை இரண்டு. பால் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பது ஈப்போ நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. தூக்கம் கலையாத குழந்தையை விட்டுவிட்டு வந்த அம்மாவின் மனமும் வரியில் இல்லை. 'அவள் மனம் வலித்தது' என்று எழுதினால் வலி அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

ஒட்டுப்பால் உரிப்பது, உளி இழுப்பது, அடுத்த மரத்துக்கு நடப்பது எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள்.

4. உவமை: நான்கு கேள்விகளால் சோதியுங்கள்

உவமையில் நான்கு உறுப்புகள்: சொல்ல வந்த பொருள் (உவமேயம்), ஒப்பிடும் பொருள் (உவமானம்), இரண்டுக்கும் பொதுவான தன்மை, 'போல' முதலிய உருபு. பிழைகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான். பொதுத்தன்மை எது என்று கேட்டால் எழுதியவருக்கே பதில் இருக்காது.

தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்காகப் படித்து மறந்துவிடும் இந்த நான்கும் நடைமுறையில் மிகக் கூர்மையான கருவி. பென்சில் கோடு போட்ட இடத்தில் நின்று கேளுங்கள்: நான் காட்ட நினைப்பது இவற்றில் எதை?

பால் இறங்கும் இடத்தில் நிறத்தை எடுத்தால் 'பால்போல் வெண்மை' என்றுதான் வரும். அதன் பெயரே பால். வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே வேண்டியது வினை. ஊர்வது, தயங்குவது, கோட்டை விட்டு விலகாமல் போவது. இப்படி அசைவது வேறு எது? கேள்வியை அம்மாவின் உலகத்துக்குள் வைத்துக் கேளுங்கள். அவள் சற்று முன்புதான் ஒரு குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறாள்.

"தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைபோல, பால் வெட்டுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது."

அசைவு கண்ணில் தெரிகிறது. கூடவே, கேட்காமலே இரண்டாவது கோட்டுக்கும் விடை வந்துவிட்டது: மரத்தின் முன் நிற்கும்போதும் அவள் மனம் ஆயாக்கொட்டகையில் இருக்கிறது. வலி என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. ஓர் உவமை ஒரே வேலையை மட்டும் செய்தால் அது சுமார். இரண்டு வேலை செய்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் மூன்று இடங்களில் புதியவர்கள் தடுக்குகிறார்கள்.

மனப்பாட உவமைத்தொடர். நம் பாடத்திட்டத்தின் 'செய்யுளும் மொழியணியும்' பகுதியில் இலைமறை காய் போல, பசுமரத்தாணி போல, சிலைமேல் எழுத்துப் போல, நகமும் சதையும் போல என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும், மொழியின் சொத்து அது. ஆனால் கதையின் விவரிப்பில் அதைப் போட்டால் வாசகர் எதையும் பார்ப்பதில்லை. பொருளை மட்டும் புரிந்துகொண்டு கடந்துவிடுகிறார். அவற்றுக்கு நல்ல இடம் பேச்சு. "அவங்க ரெண்டு பேரும் நகமும் சதையும் மாதிரிதான் இருந்தாங்க அண்ணே, அந்த நிலத் தகராறு வர்ற வரைக்கும்" என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது தொடருக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டாவது, பாத்திரத்துக்கு எட்டாத உவமானம். தோட்டத்தை விட்டு வெளியே போகாத பாட்டி தன் தனிமையைப் பனிமலை உச்சியோடு ஒப்பிட மாட்டாள். நாமும் பனிமலை பார்த்ததில்லை. பிறகு ஏன் அது நம் எழுத்தில் அடிக்கடி வருகிறது? படித்த புத்தகத்திலிருந்து வந்தது. பாட்டி பார்த்ததிலிருந்து எடுங்கள்: கடைசிப் பேருந்து போன பிறகு சந்தியில் நிற்கும் கொட்டகை, பிள்ளைகள் படித்துப் போய்விட்ட லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீடு.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. உவமானம் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற இலக்கண விதியைத் தாமரை, நிலவு, சிங்கம் என்று மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் புரிந்துகொள்வது இப்படி: எந்தத் தன்மையைக் காட்ட வருகிறீர்களோ, அந்தத் தன்மை உவமானத்தில் மேலோங்கித் தெரிய வேண்டும். தயங்கித் தயங்கி நடப்பதில் தூக்கம் கலையாத பிள்ளையை விட மேலானது எது? அந்த இடத்தில் அதுதான் உயர்ந்த உவமானம்.

5. உருவகம்: ஒன்றைப் பிடித்தால் அதோடு கடைசி வரை போங்கள்

'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், உவமை. 'முகமதி' என்றால் முகமே மதி, உருவகம். இடம் மாறும்போது உறுதியும் கூடுகிறது. உவமை 'இது அதைப் போல' என்று வாசகரிடம் அனுமதி கேட்கிறது, உருவகம் கேட்பதில்லை. அதனால் உருவகத்துக்கு முன் வாசகரைத் தயார் செய்திருக்க வேண்டும். பத்தியின் முதல் வரியில் உருவகம் வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடிக்கடி பார்க்கும் பிழை இது: "வறுமை என்னும் கடலில் நீந்திய குடும்பத்தின் மேல் கடன் என்னும் இடி விழ, நம்பிக்கை என்னும் வேர் அறுந்தது." கடல், இடி, வேர். வாசகர் கடலைக் கற்பனை செய்து முடிக்கும் முன் மரத்துக்கு இழுக்கப்படுகிறார். முடிவில் கையில் ஒரு படமும் இல்லை.

திருத்தும் முறை: 'என்னும்' வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். மிஞ்சியதைத் தொடக்கூடிய ஒரு பொருளாக மாற்றுங்கள். இந்தக் குடும்பத்தின் கடன் எங்கே இருக்கிறது? மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகத்தில். அப்படியானால்:

"வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆறாவது ஆள் 555 புத்தகம். சம்பள நாளில் அதற்குப் பரிமாறிவிட்டுத்தான் அம்மா எங்களுக்குத் தட்டு வைப்பாள்."

புத்தகம் ஆளாகிவிட்டது. ஆளானதும் சாப்பிடுகிறது. அடுத்த வரியில் அது பசியோடு இருக்கலாம், பருக்கலாம், விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகலாம். ஆனால் தீயாகப் பற்றக் கூடாது, வெள்ளமாகப் பெருகவும் கூடாது. அந்தப் பத்தி முடியும்வரை அது ஆள்தான்.

6. தற்குறிப்பேற்றம்: முதலில் காற்று அடிக்க வேண்டும்

இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் எழுதுபவர் தன் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் கொடிகள் 'வர வேண்டாம்' என்று கை காட்டுவதுபோல அசைந்தன என்ற சிலப்பதிகார இடத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது ஏன் பலிக்கிறது என்று பாருங்கள். கொடி காற்றில் அசைவது உண்மை. அசைவு கையாட்டலைப் போல இருப்பதும் உண்மை. வரப்போவதைக் கேட்பவர் அறிவார். மூன்றும் இருப்பதால் குறிப்பு ஒட்டிக்கொள்கிறது.

எனவே வரிசை இது: இயல்பான நிகழ்ச்சியைத் தனியாக எழுதுங்கள், அதற்கு இயல்பான காரணம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு குறிப்பை ஏற்றுங்கள்.

"காலி லயத்தில் ஆணி கழன்ற தகரம் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று சாலையில் போகிறவர்களுக்குச் சொல்வதுபோல."

பாத்திரம் அழும்போதெல்லாம் வானம் அழுவதும், மகிழும்போதெல்லாம் மலர்கள் சிரிப்பதும் இந்த அணியின் மலிந்த வடிவம். நீண்ட கதையிலும் ஓரிரு இடத்துக்கு மேல் இதை எடுக்காதீர்கள்.

7. ஒலி: காதுக்கு ஒரு திருத்தம்

உரைநடையில் மோனையும் எதுகையும் தானாக விழுந்தால் விட்டுவிடுங்கள், இழுத்து வராதீர்கள். மூன்று நான்கு சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் மேடைப் பேச்சின் சாயல் வந்துவிடும்.

இரட்டைக்கிளவிதான் உரைநடைக்குப் பயன்படும் ஒலி. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி (சடசட, சலசல); பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர் (வா வா, பாம்பு பாம்பு). ஓடைக்குச் சலசல, தகரக் கூரை மழைக்குச் சடசட என்று அந்தந்த ஒலியைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒலி கதையில் ஒரு விளைவை உண்டாக்கினால் இன்னும் நல்லது:

"தகரத்தில் சடசடவென்று விழத் தொடங்கியது. அம்மா எழுந்திருக்கவில்லை."

மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை என்பதைக் கதையில் முன்பே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு அந்தச் சடசட ஒலியே ஒரு செய்தி.

8. குறியீடும் உள்ளுறையும்: விளக்காமல் விடுவது

சங்கப் பாடல்களின் உள்ளுறை, நிலத்துக் கருப்பொருள்களை வைத்துச் சொல்லாத பொருளை உணர்த்துவது. அந்தக் கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் விலக்க வேண்டும் என்கிறது இலக்கணம். மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் உதவும். மருதத்துக்கு எருமையும் நெய்தலுக்குச் சுறாவும் இருப்பதுபோல் நம் நிலத்துக்கும் கருப்பொருள் உண்டு. கித்தா மரம், செம்பனைக் குலை, மங்கு, லயம், காண்டா. இவை நம்மிடம் இருக்க, தோட்டத்துக் கதையில் அன்னமும் மயிலும் வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படிப்படியாகச் செய்வது இப்படி. முதல் முறை பொருள் தன் வேலையை மட்டும் செய்யட்டும்: பாலை ஊற்றி எடுத்ததும், மழைத்தண்ணீர் தேங்காதிருக்க அம்மா மங்கைக் கவிழ்த்து வைக்கிறாள். இது வெறும் பழக்கம், அவ்வளவுதான். பிறகு ஒரு மாற்றத்தில் அது வரட்டும்: தோட்டம் கைமாறிய பிறகு நிரை முழுவதும் மங்குகள் கவிழ்ந்தே கிடக்கின்றன, யாரும் நிமிர்த்த வருவதில்லை. கடைசியாக, பொருள் இல்லாமலே அந்தச் செயல் வரட்டும்: தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டில் அம்மா காப்பிக் குவளைகளைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கிறாள்.

இங்கே நிறுத்துங்கள். 'அவள் வாழ்க்கையும் அந்த மங்கைப் போலக் கவிழ்ந்து கிடந்தது' என்று எழுதக் கை துடிக்கும். எழுதினால் வாசகர் தானே கண்டுபிடிக்க இருந்ததை அவரிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள். பயிற்சியில் நான் அதிகமாக அடித்துக் கொடுக்கும் வரி இதுதான்.

முதல் முறையே பொருளுக்கு அழுத்தம் கொடுப்பது இன்னொரு பிழை. 'மங்கு' என்று தலைப்பு வைத்து, முதல் பத்தியிலேயே அதை உற்றுப் பார்க்க வைத்தால், வாசகர் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்.

9. மிகையும் வஞ்சப் புகழ்ச்சியும்

மிகை பேச்சுக்குச் சொந்தம். "ஒரு மைல் நீளத்துக்குக் கியூ நிக்குது தம்பி" என்று மாமா சொல்லலாம். கதைசொல்லி சொன்னால் அளவு கெடும்.

வஞ்சப் புகழ்ச்சிக்கு ஒரே நிபந்தனை: உண்மை முன்பே வாசகர் கையில் இருக்க வேண்டும். "துரைக்கு எங்கள் மேல் எவ்வளவு அக்கறை! மழையில் நனைய வேண்டாமென்று வேலையோடு கூலியையும் நிறுத்தி வைத்தார்." மழைநாள் கூலி விவரம் முன்னால் வராவிட்டால் இதை உண்மைப் புகழ்ச்சி என்றே படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

10. கடைசியில் வெட்டுங்கள்

ஒரு நாள் கழித்துப் பக்கத்தைத் திரும்ப எடுங்கள். ஒவ்வோர் அணியையும் விரலால் மூடி அந்த வரியைப் படியுங்கள். மூடினாலும் எதுவும் குறையவில்லை என்றால் அடித்துவிடுங்கள், அழகாக இருந்தாலும். அடுத்தடுத்த வரிகளில் இரண்டு உவமை இருந்தால் வலுவானதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன் படத்தை மற்றது அழிக்கும். நம் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

"விடிய இன்னும் நேரம் இருந்தது. அம்மா குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நெற்றி விளக்கோடு தன் நிரைக்குப் போனாள். முதல் மரத்தில் நேற்றைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டாள். உளியை இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கமாகச் சரித்து இழுத்தாள். தூக்கக் கலக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைபோல, பால் வெட்டுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. முதல் சொட்டு மங்கில் விழும்வரை நின்றாள். அடுத்த மரத்துக்கு நடந்தாள்."

சேர்ந்தது ஓர் உவமையும் ஒரு சின்ன வாக்கியமும் மட்டுமே. 'முதல் சொட்டு விழும்வரை நின்றாள்' என்பது அணியே அல்ல. ஆனால் உவமை வந்த பிறகுதான் அவள் அங்கே ஒரு நொடி நிற்க வேண்டும் என்று தெரிந்தது. நல்ல அணி பக்கத்து வரியையும் திருத்த வைக்கும்.

இதன் பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் அந்த வேலையைச் செய்தவர், மற்றவர் அதைப் பார்த்தே இராதவர். முன்னவரிடம் "எங்கே பொய்யாகப் படுகிறது?" என்றும், பின்னவரிடம் "எங்கே கண்ணில் தெரியவில்லை?" என்றும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இவ்வளவு நேரம் கிடைக்காது. மொழியணிக் கேள்விக்குப் படித்த தொடரை அப்படியே எழுதுங்கள். கட்டுரையிலும் கதையிலும் இரண்டாம் படியையும் நான்காம் படியையும் மட்டும் செய்யுங்கள்: வெறும் வரிகளை வேகமாக எழுதி முடித்து, ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் எது வேண்டும் என்று கேட்டு, உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் உவமை வையுங்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால், முதல் வரைவை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதப் பழகுங்கள்.